க்ராஸ்லி கார்: பெட்ரோல் ரேஷன் காலத்தில் மட்டும் எல்லோரும் தேடிய வண்டி

அமெரிக்காவில் பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் ஒரு கேள்வி திரும்ப வரும். ஜப்பானிலும் இத்தாலியிலும் ஓடுவது போன்ற குட்டிக் கார்களை அமெரிக்கக் கம்பெனிகள் ஏன் செய்வதில்லை? "அமெரிக்கர்களுக்குப் பெரிய வண்டிதான் பிடிக்கும்" என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிடுவார்கள். அதில் பாதி உண்மைதான் இருக்கிறது. மீதிப் பாதி புரிய வேண்டுமென்றால் 1939-ல் சின்சினாட்டி நகரத்துக்காரர் ஒருவர் கொண்டுவந்த க்ராஸ்லி காரின் கதையைப் பார்க்க வேண்டும். லிட்டருக்கு 21 கிலோமீட்டர் கொடுப்பதாகச் சொல்லி விற்கப்பட்ட கார் அது. இன்றைய சின்னக் கார்கள் பலவற்றின் மைலேஜும் ஏறக்குறைய இதேதான்.

## முதலில் சில அடிப்படைகள்

அமெரிக்காவில் மைலேஜை ஒரு கேலனுக்கு எத்தனை மைல் என்று சொல்வார்கள். அமெரிக்க கேலன் என்பது 3.785 லிட்டர், ஒரு மைல் 1.6 கிலோமீட்டர். க்ராஸ்லி விளம்பரங்கள் சொன்ன "கேலனுக்கு 50 மைல்" நம் கணக்கில் லிட்டருக்கு சுமார் 21 கிலோமீட்டர். அக்காலத்து சாதாரண ஃபோர்டு, செவர்லே கார்கள் கேலனுக்கு 15 முதல் 20 மைல், அதாவது லிட்டருக்கு 6 முதல் 8 கிலோமீட்டர்தான் ஓடின.

இன்னொரு சொல் வீல்பேஸ். முன் சக்கரத்தின் மையத்துக்கும் பின் சக்கரத்தின் மையத்துக்கும் இடையே உள்ள தூரம் அது. ஒரு கார் எந்த அளவு என்று சொல்ல அமெரிக்கர்கள் இதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். 1939 ஃபோர்டின் வீல்பேஸ் 112 அங்குலம், க்ராஸ்லியின் வீல்பேஸ் 80 அங்குலம். 1930-களின் கடைசியில் "சிக்கனக் கார்" என்ற பெயரில் வந்த ஸ்டூடிபேக்கர் சாம்பியன்கூட 110 அங்குலம் இருந்தது. க்ராஸ்லியோடு ஒப்பிடத்தக்க அளவில் அங்கே இருந்தது அமெரிக்கன் பேன்டம் ஒன்றுதான். அந்தக் கம்பெனி கார் விற்பனையில் நொடித்துப்போனாலும், ராணுவத்துக்காக 1940-ல் முதல் ஜீப்பின் மாதிரியைச் செய்து கொடுத்து வரலாற்றில் இடம் பிடித்தது. அது தனிக் கதை.

## ரேடியோக்காரர் கார் செய்யப் போன காரணம்

பவல் க்ராஸ்லி 1886-ல் ஒஹையோ மாநிலத்து சின்சினாட்டியில் பிறந்தவர். சின்ன வயதிலிருந்தே கார் செய்ய ஆசை. 1907-ல் 'மாரத்தான் சிக்ஸ்' என்ற பெயரில் ஒரு முயற்சி செய்து பணமில்லாமல் நின்றுபோனார். அவருக்குச் செல்வம் கொடுத்தது ரேடியோ. 1921-ல் மகன் ரேடியோ கேட்டான். கடைக்குப் போனால் விலை நூறு டாலருக்கும் மேல். அவர் ஒரு வழிகாட்டிப் புத்தகத்தை வாங்கிவந்து தானே ஒன்றைக் கட்டினார். அதன்பின் மலிவு ரேடியோ செய்யும் தொழிலில் இறங்கி, சில ஆண்டுகளிலேயே உலகின் மிகப்பெரிய ரேடியோ உற்பத்தியாளர்களில் ஒருவராகிவிட்டார்.

அவருடைய டபிள்யூ.எல்.டபிள்யூ வானொலி நிலையம் 1934-ல் 5 லட்சம் வாட் சக்தியில் ஒலிபரப்பியது. கதவின் உட்பக்கத்தில் தட்டுகள் வைத்த ஃப்ரிட்ஜை அமெரிக்கச் சமையலறைகளுக்குக் கொண்டுபோனதும் அவர்தான். சின்சினாட்டி ரெட்ஸ் பேஸ்பால் அணியும் அவர் கையில் இருந்தது. அமெரிக்காவின் பெரிய லீக் போட்டிகளில் மின்விளக்கில் நடந்த முதல் இரவு ஆட்டம் 1935 மே மாதம் அவருடைய மைதானத்தில்தான் நடந்தது.

இவை எல்லாவற்றிலும் அவர் வழி ஒன்றுதான். பணக்காரர் மட்டும் வாங்கும் பொருளை எடுத்து, அத்தியாவசியம் இல்லாததைக் கழித்து, பாதி விலைக்குச் சாமானியருக்கு விற்பது. ரேடியோவில் பலித்தது. காரிலும் பலிக்கும் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையில்தான் சிக்கல் ஒளிந்திருந்தது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

## 1939-ன் கார்: என்ன இருந்தது, என்ன இல்லை

1939 ஏப்ரல் 28 அன்று இண்டியானாபொலிஸ் பந்தயத் திடலில் கார் அறிமுகமானது. கூபே 325 டாலர், நான்கு பேர் உட்காரும் செடான் 350 டாலர். அதே ஆண்டில் ஒரு சாதாரண ஃபோர்டு அல்லது செவர்லேயின் விலை 600 டாலரை ஒட்டி இருந்தது.

எடை 420 கிலோதான். மொத்த நீளம் பத்தே அடி. பின்பக்கம் மடக்கிவிடக்கூடிய துணிக்கூரை. இன்ஜின், வாகேஷா கம்பெனியின் இரட்டை சிலிண்டர் இன்ஜின். காற்றால் குளிரூட்டப்படுவது, ரேடியேட்டர் கிடையாது. அதன் சக்தி 15 குதிரைத்திறனைக்கூட எட்டவில்லை. மணிக்கு 80 கிலோமீட்டர் வரை போகும். பிரேக் கம்பியால் இழுக்கும் வகை. வைப்பரைக் கையால் ஆட்ட வேண்டும்.

அகலம் 48 அங்குலம். இந்த அளவுக்கு ஒரு காரணம் இருந்தது: கடை வாசல் கதவு வழியாக உள்ளே கொண்டுபோக முடிய வேண்டும். க்ராஸ்லி தன் காரை ரேடியோவும் ஃப்ரிட்ஜும் விற்ற அதே கடைகளில் விற்கத் திட்டமிட்டார். நியூயார்க்கின் புகழ்பெற்ற மேசிஸ் கடையில்கூட க்ராஸ்லி கார் விற்பனைக்கு நின்றது.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ரேடியோ ரிப்பேர் ஆனால் கடையில் கொண்டுவந்து கொடுக்கலாம். கார் நடுவழியில் நின்றால்? மெக்கானிக்கும் உதிரிபாகமும் இல்லாத கடையில் கார் விற்றது பெரிய தவறு. ஆரம்ப மாடல்களில் இன்ஜினிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் தண்டில் யூ-ஜாயிண்டே வைக்கவில்லை. அது மேடுபள்ளத்தில் தண்டு வளைந்து கொடுக்க உதவும் மூட்டு. அதற்குப் பதிலாக இன்ஜினைத் தாங்கும் ரப்பரே அந்த அசைவை ஏற்றுக்கொள்ளும் என்று கணக்குப் போட்டார்கள். கணக்கு தப்பியது.

1939-ல் சுமார் 2,000 கார்கள் விற்றன. 1940-ல் சில நூறுதான். அதன் பிறகு பொறியாளர் பால் க்ளாட்ச் வந்து இன்ஜின் பேரிங்குகளைப் பெரிதாக்கி, யூ-ஜாயிண்ட் சேர்த்து, வண்டியை நம்பத்தக்கதாக மாற்றினார். 1941-ல் விற்பனை மீண்டும் 2,000-ஐத் தாண்டியது.

## 325 டாலர் ஏன் மலிவாகத் தெரியவில்லை

நான் மேலே சொன்ன சிக்கல் இதுதான். 1921-ல் மலிவு ரேடியோ வாங்கியவர் வீட்டில் அதற்கு முன் ரேடியோவே இருந்ததில்லை. பழைய ரேடியோ சந்தை என்று ஒன்றும் இல்லை. 1939-ல் கார் நிலைமை அப்படி இல்லை. அமெரிக்கச் சாலைகளில் இரண்டரைக் கோடிக்கும் மேல் கார்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஊருக்கு ஊர் பழைய கார் விற்கும் மைதானங்கள். ஆகவே க்ராஸ்லிக்குப் போட்டி 600 டாலர் புது ஃபோர்டு இல்லை. அதே 300 சொச்சம் டாலருக்குக் கிடைத்த, சில ஆண்டுகள் ஓடிய, ஆறு பேர் தாராளமாக உட்காரக்கூடிய பழைய ஃபோர்டுதான் போட்டி.

சரி, பெட்ரோல் செலவு மிச்சமாகுமே? அதையும் போட்டுப் பார்ப்போம்.

1. ஆண்டுக்கு 9,000 மைல் ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது பெட்ரோல் வரியோடு சேர்த்து கேலன் சுமார் 20 சென்ட்.
2. கேலனுக்கு 18 மைல் கொடுக்கும் பழைய ஃபோர்டுக்கு 500 கேலன் வேண்டும். செலவு 100 டாலர்.
3. கேலனுக்கு 50 மைல் கொடுக்கும் க்ராஸ்லிக்கு 180 கேலன் போதும். செலவு 36 டாலர்.
4. ஆக ஆண்டு முழுவதும் மிச்சம் 64 டாலர். மாதத்துக்கு ஐந்து டாலர் சொச்சம்.

அந்த ஐந்து டாலருக்காகக் குடும்பத்தையே நெருக்கி உட்காரவைத்து, பெரிய லாரிகளுக்கு நடுவே 420 கிலோ வண்டியில் போக எத்தனை பேர் வருவார்கள்? வரவில்லை. பெட்ரோல் மலிவாகக் கிடைக்கும் நாட்டில், மைலேஜுக்கு யாரும் பெரிதாக விலை கொடுப்பதில்லை. இதை ரசனை என்பதைவிடக் கணக்கு என்பதே சரி.

## போர் வந்தது, கணக்கு தலைகீழானது

1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. அதே சமயம் மலாயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. அடுத்த சில வாரங்களில் டச்சு கிழக்கிந்தியத் தீவுகளும் போயின. அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் சுமார் 90 சதவீதம் இந்தப் பகுதியிலிருந்து வந்தது. மலாயாத் தோட்டங்களில் அந்த ரப்பர் மரங்களைச் சீவிப் பால் எடுத்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து போன தொழிலாளர்கள். அவர்களில் பல்லாயிரம் பேரைப் பிறகு ஜப்பானியர் சயாம்-பர்மா ரயில் பாதை போட இழுத்துப்போனார்கள். திரும்பாதவர்கள் ஏராளம். டெட்ராய்ட்டில் டயர் தட்டுப்பாடு என்று ஒரு வரியில் படித்துப்போகும் செய்திக்குப் பின்னால் இவர்கள் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனம் வரவில்லை.

இங்கே பலர் குழம்பும் ஒரு விஷயம் உண்டு. அமெரிக்கா பெட்ரோலுக்கு ரேஷன் கொண்டுவந்தது பெட்ரோல் இல்லாததால் என்று நினைக்கிறோம். கிழக்குக் கடற்கரையில் 1942 மே மாதம் தொடங்கிய ரேஷனுக்கு அது பொருந்தும். ஜெர்மன் நீர்மூழ்கிகள் எண்ணெய்க் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தன. ஆனால் 1942 டிசம்பர் 1 முதல் நாடு முழுவதும் ரேஷன் வந்ததற்கு முக்கியக் காரணம் டயர். டெக்சாஸில் பெட்ரோல் போதிய அளவு இருந்தது. ஆனால் பெட்ரோலைக் கட்டுப்படுத்தினால்தான் மக்கள் குறைவாக ஓட்டுவார்கள், இருக்கிற டயர் தேயாமல் நிற்கும். மணிக்கு 35 மைலுக்கு மேல் போகக்கூடாது என்ற வேகக் கட்டுப்பாடும் இதற்காகத்தான்.

அத்தியாவசிய வேலை எதுவும் இல்லாத சாதாரணக் கார்காரருக்குக் கண்ணாடியில் 'ஏ' என்ற ஸ்டிக்கர். அதற்குத் தொடக்கத்தில் வாரம் 4 கேலன். பிறகு அதையும் குறைத்தார்கள். கேலனுக்கு 15 மைல் கொடுக்கும் பெரிய காருக்கு 4 கேலன் என்றால் வாரத்துக்கு 60 மைல். க்ராஸ்லிக்கு 200 மைல்.

முன்பு போட்ட கணக்கோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். அமைதிக் காலத்தில் மைலேஜ் மிச்சப்படுத்தியது மாதம் ஐந்து டாலர். பணம் இருப்பவர் அதைப் பொருட்படுத்தவில்லை. ரேஷனிலோ கையில் எவ்வளவு பணம் இருந்தாலும் ஐந்தாவது கேலனை நேர்வழியில் வாங்க முடியாது. மைலேஜ் இப்போது நேரடியாகத் தூரம் ஆகிவிட்டது. மாமியார் வீட்டுக்குப் போய்வர முடியுமா, முடியாதா என்பதை அது தீர்மானித்தது. 12 அங்குல டயர் என்பதால் ரப்பரும் குறைவு.

ஆனால் க்ராஸ்லிக்கு அதை விற்கும் வாய்ப்பில்லை. 1942 பிப்ரவரியோடு பொதுமக்களுக்கான கார் உற்பத்தியை அரசு நிறுத்தச் சொல்லிவிட்டது. கடைசியாக நிறுத்தியவர்களில் க்ராஸ்லியும் ஒருவர். 1939-லிருந்து அதுவரை செய்த கார்கள் மொத்தமே ஆறாயிரத்துக்கும் குறைவு. அந்த ஆறாயிரத்துக்கும் போர் முடியும்வரை நல்ல கிராக்கி. ஆளே சீண்டாமல் கடையில் நின்ற வண்டியைப் பழையதாகத் தேடி வாங்கினார்கள்.

## போர் கொடுத்த இன்ஜின்

போரில் க்ராஸ்லி கம்பெனி செய்த மிக முக்கியமான பொருள் கார் அல்ல. பீரங்கிக் குண்டுக்குள் ஒரு குட்டி ரேடியோவை வைத்து, இலக்குக்கு அருகே போனதும் வெடிக்கச் செய்யும் ரகசிய ஃப்யூஸைப் பெருமளவில் செய்த கம்பெனிகளில் அது ஒன்று. 'பப்' என்ற ஒரு குட்டி ராணுவ வண்டியையும் செய்து காட்டினார்கள். சோதனைக்குச் சிலவற்றை எடுத்துக்கொண்ட ராணுவம் மேற்கொண்டு வாங்கவில்லை.

காரின் பிற்காலத்தை மாற்றியது வேறொன்று. கலிஃபோர்னியாவில் லாயிட் டெய்லர் வடிவமைத்த 'கோப்ரா' இன்ஜின். அன்று எல்லோரும் இன்ஜினை வார்ப்பிரும்பில் வார்த்தார்கள். இது தகட்டு எஃகுத் துண்டுகளால் ஆனது. துண்டுகளைச் சேர்த்து, இணைப்புகளில் செம்பு வைத்து, உலையில் ஏற்றுவார்கள். செம்பு உருகி இடுக்கில் ஓடி, ஆறியதும் எல்லாம் ஒரே கட்டியாகிவிடும். செம்பால் பற்றவைத்தது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் கோப்ரா. நான்கு சிலிண்டர், 44 கன அங்குலம், அதாவது சுமார் 720 சிசி, 26.5 குதிரைத்திறன். எல்லா உறுப்புகளும் சேர்ந்து எடை 60 கிலோதான். வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம் ஷாஃப்ட் மேல்பக்கம் இருந்தது. அன்றைய பெரிய கார்களில்கூட இது அரிது. கடற்படையில் ஜெனரேட்டர் ஓட்ட இது நன்றாக உழைத்தது.

1945-ல் க்ராஸ்லி தன் ரேடியோ, ஃப்ரிட்ஜ், வானொலி நிலையம் எல்லாவற்றையும் ஏவியேஷன் கார்ப்பரேஷனுக்கு விற்றார். லாபம் தந்த அந்தத் தொழில்கள் போயின. பேஸ்பால் அணியைத் தவிர, காரை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டார். அந்த ஆசையின் ஆழத்துக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

1946-ல் இண்டியானாவின் மேரியன் நகரத்தில், கோப்ரா இன்ஜின் வைத்த புது க்ராஸ்லி உற்பத்தி தொடங்கியது. நான்கு ஆண்டுகளாகப் புதுக் காரே பார்க்காத நாடு. எந்தக் கார் வந்தாலும் வரிசையில் நின்று வாங்கினார்கள். 1948-ல் க்ராஸ்லி ஏறக்குறைய 25,000 விற்றது. அதுதான் உச்சம். அடுத்த ஆண்டே 8,000-க்கும் கீழே இறங்கிவிட்டது.

## ஓராண்டில் ஏன் இப்படிச் சரிந்தது

1. துளை விழுந்த சிலிண்டர். எஃகும் செம்பும் அடுத்தடுத்து இருக்க, நடுவே இன்ஜினைக் குளிரூட்டும் தண்ணீர் ஓடினால் அது ஒரு சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்யும். மின்வேதி அரிப்பு எஃகைத் தின்னும். கடற்படையில் இன்ஜினைத் தொடர்ந்து கவனிக்க ஆள் இருந்தார்கள். வீட்டுக்கார் அப்படியில்லை. குழாய்த் தண்ணீரும் கிடைத்த ஆன்டிஃப்ரீசும் ஊற்றி ஆண்டுக்கணக்கில் ஓட்டினால் சிலிண்டர் சுவரில் ஊசித் துளைகள். 1949-ல் அதே வடிவத்தை வார்ப்பிரும்பில் செய்து 'சிபா' என்று பெயரிட்டார்கள். அந்த இன்ஜின் மிக நன்றாக இருந்தது. கெட்ட பெயர்தான் போகவில்லை.

2. விலை இடைவெளி சுருங்கியது. என் பார்வையில் இதுதான் முதன்மைக் காரணம். போருக்கு முன் க்ராஸ்லி, ஃபோர்டு விலையில் பாதி. போருக்குப் பின் 850 முதல் 900 டாலர். செவர்லேயோ 1,200 முதல் 1,300 டாலருக்குள் கிடைத்தது. பாதியாக இருந்தது மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் ஆகிவிட்டது. காரைச் சிறிதாக்கினால் இரும்பு குறையும். ஆனால் கதவு மாட்டும் வேலை, பெயிண்ட் அடிக்கும் வேலை, வயரிங், டயர் மாட்டும் வேலை குறையாது. ஜெனரல் மோட்டார்ஸும் இதே சுவரில்தான் முட்டியது. 'கேடட்' என்ற சின்னக் காரை 1,000 டாலருக்குள் கொண்டுவர முயன்று, 1947-ல் கைவிட்டது. அதை வடிவமைத்த ஏர்ல் மேக்ஃபர்சன் ஃபோர்டுக்குப் போனார். இன்று பெரும்பாலான சின்னக் கார்களின் முன்சக்கரத்தில் இருக்கும் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் என்ற அதிர்வுதாங்கி அமைப்பு அவர் பெயரைத்தான் சுமக்கிறது.

3. பெரிய கம்பெனிகளின் புது மாடல்கள். 1949-ல் ஃபோர்டும் செவர்லேயும் முற்றிலும் புது வடிவத்தில் வந்தன. காத்திருப்பு வரிசை மறைந்தது. பழைய கார் மைதானங்களும் நிரம்பத் தொடங்கின.

4. அவசரப்பட்ட டிஸ்க் பிரேக். 1949-ல் க்ராஸ்லி நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் போட்டது. அமெரிக்காவில் அப்படி வந்த முதல் கார்களில் அது ஒன்று. வண்டி அருமையாக நின்றது. ஆனால் பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு அதை அரித்து இறுக்கிவிட்டது. கொஞ்ச காலத்திலேயே ட்ரம் பிரேக்குக்குத் திரும்பினார்கள்.

## அதே ஆண்டுகளில் ஜெயித்த சின்னக் கார்

சின்னக் கார் அமெரிக்காவில் விற்காது என்று முடிவுகட்டுவதற்கு முன் நாஷ் கம்பெனியைப் பார்க்க வேண்டும். 1941-லேயே அவர்கள் 'நாஷ் 600' கொண்டுவந்தார்கள். 20 கேலன் டேங்க், கேலனுக்கு 30 மைல், மொத்தம் 600 மைல் என்பதால் அந்தப் பெயர். அடியில் தனியாக ஒரு சேசிஸ் சட்டகம் இல்லாமல் பாடியே எடையைத் தாங்கும் அமைப்பை அமெரிக்காவில் பெருமளவு உற்பத்திக்குக் கொண்டுபோன முன்னோடி அது. எடை குறைந்ததால் மைலேஜ் கூடியது, இடம் குறையவில்லை.

1950-ல் நாஷ் தலைவர் ஜார்ஜ் மேசன் ராம்ப்ளர் என்ற 100 அங்குல வீல்பேஸ் காரைக் கொண்டுவந்தார். விலை 1,808 டாலர், செவர்லேயைவிடவும் அதிகம்! முதலில் வந்ததே மேல்கூரை சுருட்டும் கன்வெர்ட்டிபிள்தான். ரேடியோவும் விலைக்குள் அடக்கம். சின்னக் கார் வாங்குபவர் காசில்லாதவர் என்று பக்கத்து வீட்டுக்காரர் நினைக்க இடம் கொடுக்கக் கூடாது என்பதுதான் மேசனின் கணக்கு. ராம்ப்ளர் விற்றது. பிறகு வந்த ஃபோக்ஸ்வாகன் பீட்டிலும் அமெரிக்காவில் வேரூன்றியது. ஒவ்வொரு டீலரிடமும் மெக்கானிக்கும் உதிரிபாகமும் இருந்தே ஆகவேண்டும் என்று அந்தக் கம்பெனி பிடிவாதமாக நின்றது. மேசிஸ் கடையில் க்ராஸ்லி வாங்கியவருக்கு இந்த இரண்டுமே கிடைக்கவில்லை.

## கார் போனது, இன்ஜின் நின்றது

1949-ல் வந்த 'ஹாட்ஷாட்' என்ற கதவில்லாத ஸ்போர்ட்ஸ் மாடல் க்ராஸ்லிக்குக் கிடைத்த கடைசிப் பெருமை. 1950 டிசம்பர் 31 அன்று ஃபுளோரிடாவின் செப்ரிங்கில் நடந்த முதல் ஆறு மணி நேரப் பந்தயத்தில், இன்ஜின் அளவுக்கு ஏற்ப ஓடிய தூரத்தைக் கணக்கிடும் முறையில் ஒரு ஹாட்ஷாட் முதலிடம் பிடித்தது. ஆனால் விற்பனைக்கு அது உதவவில்லை. 1952 ஜூலையில் உற்பத்தி நின்றது. ஜெனரல் டயர் கம்பெனி ஆலையை வாங்கியது, கார் செய்வதற்காக அல்ல. 1939 முதல் மொத்தம் ஏறக்குறைய 75,000 கார்கள். க்ராஸ்லி 1961-ல் இறந்தார்.

வார்ப்பிரும்பு இன்ஜினை மட்டும் யாரும் விடவில்லை. கை மாறி மாறி, பெயர் மாறி மாறி, படகுகளில் அது பல ஆண்டுகள் ஓடியது. 750 சிசி பந்தயப் பிரிவில் அமெரிக்க இளைஞர்கள் பழைய க்ராஸ்லிகளை உடைத்து இன்ஜினை எடுத்து, தாங்களே கட்டிய வண்டிகளில் பொருத்தினார்கள். சின்னக் கார் செய்வதில் உலகுக்கே பாடம் நடத்திய இத்தாலியில், பந்தினி, சியாட்டா போன்ற பந்தயக் கார் பட்டறைகள் சின்சினாட்டிக்காரரின் இந்த இன்ஜினை வரவழைத்தன. இலாரியோ பந்தினி அதற்கு இரட்டை கேம் ஷாஃப்ட் வைத்த புது சிலிண்டர் ஹெட் செய்து போட்டு, தன் சிவப்பு நிறக் குட்டிக் கார்களை அமெரிக்கப் பந்தயங்களுக்கே திருப்பி அனுப்பினார்.